அங்கம்மா வெட்டிய ரோடு

பாரிவாக்கத்தைத் தாண்டி உள்ளே போனால் ஏரிக்குக் கீழே ஒரு காலனி இருக்கிறது. அங்கே போய் அங்கம்மா வீடு எது என்று கேட்டால், எந்த அங்கம்மா என்று திருப்பிக் கேட்பார்கள். ரோடு வெட்டின அங்கம்மா என்று சொன்னால் வாசல்வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். இந்தப் பட்டம் அவளுக்குப் பிடிக்காது. வெட்டினதை மட்டும் ஊரே சொல்கிறது, மூடினதை ஒருத்தனும் சொல்லவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வாள். அவள் சொல்வது நியாயம்தான். அதனால் நான் இரண்டையும் சொல்கிறேன்.

நான் செங்கல்வராயன். ஒன்றிய அலுவலகத்தில் ஜீப் ஓட்டியவன். ஜீப்பில் ஏறுகிற அதிகாரிகளுக்கெல்லாம் டிரைவருக்குக் காது கேட்காது என்று ஒரு நம்பிக்கை உண்டு. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எதை வேண்டுமானாலும் பேசுவார்கள். அந்தப் புண்ணியத்தில் எனக்கு அலுவலகத்தில் தெரியாத விஷயம் குறைவு.

அங்கம்மா பாரிவாக்கத்திலேயே பிறந்தவள். அப்பன் ஆத்தாள் இருவரும் நாயுடு ஒருவர் நிலத்தில் கூலி. அவளும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்த்தான் வளர்ந்தாள். கல்யாணமான பிறகு புருஷன் முனியன் மண்ணூர்பேட்டையில் ஒரு வார்ப்படப் பட்டறைக்கு வேலைக்குப் போனான். நாயுடு நிலத்தை மனை போட்டு விற்றதும் அங்கம்மாவுக்கு நடவு வேலை இல்லாமல் போயிற்று. அந்த மனைகளில் வீடு கட்ட ஆரம்பித்தபோது அங்கேயே சித்தாள் வேலைக்குச் சேர்ந்தாள். எந்த மண்ணில் நாற்று நட்டாளோ அந்த மண்ணில் கலவைச் சட்டி சுமந்தாள். இதைச் சொல்லி யாராவது உச்சுக்கொட்டினால் அவளுக்குக் கோபம் வரும். நடவுக்குக் குனிந்து குனிந்து இடுப்பு போனதை நீயா பார்த்தாய் என்று கேட்பாள்.

முனியன் நெஞ்சுச் சளியில் சீக்கிரமே போய்ச் சேர்ந்தான். மிஞ்சியது ஒரே பெண், பேபி. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காலும் சூம்பிப் போயிருந்தன. கால்தான் இல்லையே தவிர வாயும் கையும் நாலு பேருக்குக் காணும். பத்தாவது முடித்துவிட்டு மண்ணூர்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி ஒன்றை அரசாங்கம் கொடுத்திருந்தது. காலையில் அதில் காலனி ரோடு வழியாக மெயின் ரோடுவரை போவாள். வண்டியை டீக்கடையில் விட்டுவிட்டு, கக்கத்துக் கட்டைகளை ஊன்றிக் கம்பெனி வேனில் ஏறிக்கொள்வாள். ஆக, மற்றவர்களுக்கெல்லாம் அது வெறும் ரோடு. பேபிக்கு அதுதான் கால்.

எண்பத்தைந்து நவம்பர் மழை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் போகிற கலங்கலில் வழிந்த தண்ணீர், காலனி ஓரமாக வருகிற கால்வாயில் கொள்ளாமல் ரோட்டை அறுத்துக்கொண்டு போயிற்று. ரோட்டுக்கு அடியில் குழாய் வைத்த சின்னப் பாலம் ஒன்று இருந்தது. குழாய்களையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய் வயலில் போட்டுவிட்டது தண்ணீர். பாலம் இருந்த இடத்தில் ஒரு லாரி இறங்கி நிற்கிற அளவுக்குப் பள்ளம். வெள்ளம் வடிந்து முழங்கால் தண்ணீரானதும் ஆண்கள் வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கி ஏறி வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். பேபியால் முடியாது. அங்கம்மா அவளை முதுகில் சுமந்து பள்ளத்தைக் கடந்து கொண்டுபோய் வேனில் ஏற்றினாள். சாயங்காலம் அதேபோல் இறக்கிக் கொண்டுவந்தாள். கலவைச் சட்டி சுமந்த முதுகு, அவளுக்கு அது பாரமே இல்லை. பேபிக்குத்தான் பாரம். கல்யாண வயதில் இருக்கிற பெண், அம்மா முதுகில் தொங்கிக்கொண்டு போவதை வேனில் இருக்கிற பெண்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். அவள் முகம் செத்துப்போய்விட்டது.

எங்கள் ஓவர்சியர் மனோகரன் நல்ல மனிதர். சேதமான ரோடுகளையெல்லாம் எழுதிக்கொண்டு போனவர், காலனியில் நின்று தெளிவாகத்தான் சொன்னார். வெள்ள நிவாரணத்தில் புதுப் பாலத்துக்குப் பணம் கேட்டு எழுதியிருக்கிறது, டெல்லியிலிருந்து குழு வந்து கண்ணால் பார்த்தபிறகுதான் பணம் வரும், அதுவரைக்கும் உடைந்தது உடைந்தபடி இருக்கட்டும், யாரும் கை வைக்க வேண்டாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

இந்த விதி தேவையில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு முந்தைய புயலில் என்ன நடந்தது என்று ஜீப் ஓட்டினவனுக்குத் தெரியும். ஊர் பேர் சொல்லவில்லை. மழை எட்டிக்கூடப் பார்க்காத ஒரு ரோடு வெள்ளத்தில் போய்விட்டதாக எழுதி, ரிப்பேர் செய்ததாக எழுதி, அந்த ரிப்பேரும் வெள்ளத்தில் போய்விட்டதாக மறுபடி எழுதிப் பணம் வாங்கினார்கள். அதற்குப் பிறகுதான் மேலிடம் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று உட்கார்ந்துகொண்டது. நுங்கு தின்றவன் ஓடிப்போனான், நோண்டித் தின்றவன் மாட்டிக்கொண்டான். மாட்டிக்கொண்டது இந்தக் காலனி.

டிசம்பர் வந்தது. காலனியில் பாதிப் பேர் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள், பாதிப் பேர் அங்கம்மாவைப்போல அம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆனால் டிசம்பரில் அமலோற்பவ மாதா திருவிழா என்றால் அது எல்லோருக்கும் பொது. மாதா சப்பரம் காலனியைச் சுற்றி, ரோட்டு வழியே மெயின் ரோடுவரை போய்த் திரும்ப வேண்டும். அந்த வருஷம் நடுவில் பள்ளம். மாதாவைச் சேற்றில் இறக்குவதா, பள்ளத்தை மூடிவிட்டால் என்ன என்று கோயில் உபதேசியார் ஆரோக்கியசாமி கூட்டத்தில் கேட்டார். ஓவர்சியர் சொன்னதை யாரோ ஞாபகப்படுத்தினார்கள். அதற்கு அங்கம்மா சொன்ன பதில்தான் அன்றைக்குச் செல்லுபடியானது. ஆண்டை வரப்பு பார்க்க வருகிறார் என்றால் முதல் நாளே வரப்பைச் செதுக்கிச் சுத்தமாக வைப்போம், நல்லா வைத்திருக்கிறவனுக்குத்தானே ஆண்டை கூட ஒரு மரக்கால் நெல் போடுவார், உடைந்த வரப்பைக் காட்டினால் உதைதானே விழும் என்று கேட்டாள். எல்லோரும் அப்படி வளர்ந்தவர்கள்தான். அவர்களுக்கு அது சரியாகவே பட்டது.

அவளுக்குச் சொந்தக் கணக்கும் ஒன்று இருந்தது. ரோடு மூடினால் பேபி முதுகிலிருந்து இறங்கிவிடுவாள்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும். கூடினார்கள். பட்டறைகளில் கொட்டுகிற கரிமண்ணை அம்பத்தூர் எஸ்டேட் லாரிக்காரர்கள் டீக்காசுக்குக் கொண்டுவந்து தட்டினார்கள். வேலை விட்டு வந்தவர்கள் இருட்டுகிறவரை மண் தள்ளினார்கள், பெண்கள் சட்டி சுமந்தார்கள். அங்கம்மா மண்ணை இடித்து இறுக்குகிற திம்மிசுக்கட்டையை எடுத்தால் கீழே வைக்கவில்லை. தண்ணீர் போக வழி வைக்கவில்லையே என்று யாருக்கும் தோன்றவில்லை. வைப்பதற்குக் குழாயும் இல்லை. திருவிழாவுக்கு முன்னால் ரோடு முழுசாக இருந்தது. இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு, வாழை மரம், கலர் காகிதக் கொடி, வழி நெடுகக் கோலம். மாதா சப்பரம் குலுங்காமல் போய்க் குலுங்காமல் திரும்பியது. பின்னாலேயே பேபி தன் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போனாள். அங்கம்மா சப்பரத்தைப் பார்க்கவே இல்லை, அந்த வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் டெல்லிக் குழு வந்தது. முன்னறிவிப்பு ஒன்றும் கிடையாது. மூன்று கார்கள், முன்னால் வழிகாட்ட என் ஜீப், அதில் மனோகரன். காலனி ரோட்டில் திரும்பியதும் அவர் முகம் வெளிறிப்போயிற்று. கொடியிறக்கம் ஆகாததால் தோரணம் எதையும் அவிழ்க்கவில்லை. காரிலிருந்து இறங்கிய பெரியவர் வாழை மரத்தையும் கொடிகளையும் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார். தனக்குத்தான் வரவேற்பு என்று நினைத்துவிட்டார். கூடி நின்ற பெண்களைப் பார்த்து இரண்டு கையையும் குவித்து வணக்கம் வைத்தார். ரோட்டில் நாலு அடி நடந்தார். வழி நெடுகக் குண்டும் குழியும் பார்த்து வந்த மனிதருக்கு இந்த ரோடு கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். மனோகரன் இங்கிலீஷில் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவர் மனோகரனின் தோளில் தட்டிப் பாராட்டிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். சேதமில்லை, பராமரிப்பு மிகவும் நன்று என்று எழுதிக்கொண்டு போனார்கள். போகிற வழியில் மனோகரன் சிரித்தாரா அழுதாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பாலம் பட்டியலிலிருந்து போய்விட்டது. அதன் அருமை அடுத்த சின்ன மழையிலேயே தெரிந்தது. கால்வாய்த் தண்ணீர் போக வழியில்லாமல் ரோட்டில் முட்டித் திரும்பிக் காலனிக்குள் வந்தது. முதல் வீடு அங்கம்மாவுடையது. அடுப்பு நனைந்தது, அரிசி நனைந்தது. இது தூறலுக்கு வந்த தண்ணீர். அடுத்த ஐப்பசியில் ஏரி வழிந்தால் வீட்டில் சுவரே மிஞ்சாது என்று எல்லோருக்கும் புரிந்தது.

மனோகரன் விடவில்லை. விடுபட்ட இடங்களைப் பார்க்கப் பொங்கல் கழிந்து மேலிடத்து அதிகாரி ஒருவர் வருகிறார் என்று தெரிந்துகொண்டு, அவர் பார்க்க வேண்டிய இடங்களில் காலனிப் பெயரையும் சேர்க்க வைத்தார். பிறகு காலனிக்கு வந்தார். வெட்டுங்கள் என்று அவர் வாயால் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. வருகிறவர் பள்ளம் இருந்தால்தான் பாலம் எழுதுவார், நான் அவ்வளவுதான் சொல்ல முடியும் என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிதான் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் வெட்டுவது என்றே முடிவாயிற்று. அங்கம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பாலம் எப்போது வரும் என்று கேட்டாள். ஒரு வருஷம் ஆகலாம், மேலும் ஆகலாம் என்றார் மனோகரன். அதுவரைக்கும் என் பெண் எப்படிப் போவாள் என்று கேட்டாள். வீடு முழுகினால் அவளும்தானே முழுகுவாள் என்று ஒருவர் சொன்னார்.

வெட்டுகிற நாள் காலையில் நான் மனோகரனை இறக்கிவிட்டு ஜீப்போடு நின்றிருந்தேன். ஆண்கள் மம்முட்டியோடு நின்றார்கள். ஒருத்தனும் குனியவில்லை. தாங்களே தட்டி இறுக்கின மண், மாதா போன மண். ஆரோக்கியசாமி சிலுவை போட்டுக்கொண்டாரே தவிர நகரவில்லை. அங்கம்மா வழியில் குறுக்காக நின்றிருந்தாள். அவளைத் தாண்டி வெட்ட யாருக்கும் துணிச்சல் இல்லை.

அப்போது பேபி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் ஒரு டிரங்குப் பெட்டி கட்டியிருந்தது. எங்களையெல்லாம் ஒதுங்கச் சொல்லிவிட்டு, மூடின இடத்தைக் கடந்து அந்தப் பக்கம் போய் வண்டியைத் திருப்பி நிறுத்தினாள்.

"ம்மா, நான் தாண்டிட்டேன். இப்ப வெட்டச் சொல்லு."

எங்கே போகிறாய் என்று அங்கம்மா கேட்டாள். கம்பெனி சூப்பர்வைசர் ஹில்டா வீட்டில் தங்கிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள் பேபி. மண்ணூர்பேட்டையில்தான் வீடு, படி கிடையாது, கம்பெனிக்கு வண்டியிலேயே போய்விடலாம், பாலம் கட்டுகிறவரைக்கும்தான் என்றாள்.

"என் முதுவு நல்லாத்தான்டி கீது" என்றாள் அங்கம்மா.

"உன் முதுவு நல்லாத்தான் கீது. எனக்குத்தான் முடியல. வேன்ல அல்லாரும் ஜன்னலாண்ட வந்து பாக்குறாங்கம்மா."

அங்கம்மா பக்கத்தில் நின்றவன் கையிலிருந்து மம்முட்டியைப் பிடுங்கி முதல் வெட்டை அவளே வெட்டினாள். இரண்டாவது வெட்டு விழுவதற்குள் மற்றவர்களும் இறங்கிவிட்டார்கள். பேபி பள்ளம் முழுசாகத் தெரிகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள். என் சர்வீஸில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், அன்றைக்குத்தான் ஜீப்பைக் கிளப்பத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

மேலிடத்து அதிகாரி தமிழ்க்காரர். கறாரானவர் என்று பெயர். வரும்போதே மனோகரன் சொன்ன எதையும் நம்பவில்லை. பள்ளத்தின் ஓரத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, மண்ணில் இருந்த மம்முட்டித் தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். இது மழை வெட்டினதா, மம்முட்டி வெட்டினதா என்று கேட்டார். மனோகரனுக்கு வேர்த்துவிட்டது. உபதேசியார் வானத்தைப் பார்த்தார். அங்கம்மா முன்னால் வந்தாள்.

"மம்முட்டிதான் சார். நான்தான் மொத வெட்டு வெட்டுனேன். மழ வெட்டுனத நாங்க மூடுனோம். மூடுனா உங்களுக்குத் தெரியல. அதான் தொறந்து காட்றோம்."

வேண்டுமென்றே ரோட்டை வெட்டினால் கேஸ் போடலாம் தெரியுமா என்று கேட்டார் அவர். போடுங்கள், ஆனால் பாலத்தைக் கட்டிவிட்டுப் போடுங்கள் என்றாள். மழைதான் உடைத்தது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அவர் கேட்டார். அங்கம்மாவுக்கு அத்தாட்சி என்ற வார்த்தையே எரிச்சல் மூட்டிவிட்டது. நாங்கள் பாலத்தை ஒளித்து வைத்துக்கொண்டோமா, உங்கள் குழாய் அதோ அந்த வயலில் கிடக்கிறது, போய்க் கேளுங்கள் என்று கையைக் காட்டினாள். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அந்த மனிதர் உண்மையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, பேண்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். பாதி புதைந்து கிடந்த சிமென்ட் குழாய்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். இவ்வளவு தூரம் இந்தக் குழாயை மனுஷர் யாரும் உருட்டிக்கொண்டு போக மாட்டார்கள். திரும்பி வந்து கால் கழுவத் தண்ணீர் கேட்டார். அங்கம்மாதான் சொம்பில் கொண்டுவந்து ஊற்றினாள்.

ஜீப்பில் ஏறியபிறகு மனோகரனைப் பிடிபிடி என்று பிடித்தார். மூடுவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் இந்த ஜனங்கள் இரண்டு தடவை மண் சுமக்க வேண்டியதில்லையே என்றார். மனோகரன் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். பாலம் மறுபடி பட்டியலில் ஏறியது.

பட்டியலில் ஏறினதெல்லாம் உடனே பாலமாகிவிடாது. எஸ்டிமேட், ஒப்புதல், டெண்டர், மறு டெண்டர் என்று ஒரு மழைக்காலம் போய்விட்டது. பள்ளம் திறந்திருந்ததால் தண்ணீர் அதன் பாட்டுக்கு ஓடியது, வீட்டுக்குள் வரவில்லை. அங்கம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளத்தில் இறங்கி ஏறி மண்ணூர்பேட்டைக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டு வந்தாள். எண்பத்தேழில் வேலை தொடங்கியபோது அவளே அங்கே சித்தாளாகச் சேர்ந்தாள். கலவையில் சிமென்ட் குறைந்தால் சட்டியை எடுக்க மாட்டாள். காண்ட்ராக்டர் என்னிடம் வந்து, இந்தப் பொம்பளையை வேறு எங்கேயாவது அனுப்ப முடியாதா என்று கேட்டார். என் ஜீப்பில் அதிகாரிகளைத்தான் ஏற்றுவேன் என்று சொல்லிவிட்டேன்.

பாலம் நன்றாகவே வந்தது. தொண்ணூற்றாறு ஜூனில் கொட்டிய மழையில் ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் எத்தனையோ ரோடு போயிற்று, இது அசையவில்லை. அங்கம்மா வீட்டுத் திட்டில்கூடத் தண்ணீர் ஏறவில்லை. அப்போது நான் ரிட்டையராகியிருந்தேன். மழை விட்டதும் பழைய பழக்கத்தில் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். அவள் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தாள்.

பேபியைப் பற்றிக் கேட்டேன். பாலம் கட்டி முடிப்பதற்குள் பேபி கம்பெனியில் சூப்பர்வைசர் ஆகிவிட்டாள். மிஷின் ரிப்பேர் பார்க்கிற தசரதனைக் கட்டிக்கொண்டு மண்ணூர்பேட்டையிலேயே வீடு எடுத்துவிட்டாள். ஒரு பையன், பள்ளிக்கூடம் போகிறான். பாலம் திறந்த புதிதில் ஆட்டோவில் அடிக்கடி வந்தாள். பிறகு பண்டிகைக்கு வந்தாள். பிறகு அதுவும் குறைந்தது. இங்கே வந்துவிடு என்று அம்மாவைக் கூப்பிடாமல் இல்லை, அங்கம்மாதான் போகவில்லை. இந்த மழைக்கு வந்து பார்த்தாளா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டாம், கேட்டுவிட்டேன்.

"இன்னாத்துக்கு அண்ணாத்தே வருத்தம்? அவ போவணும்னுதானே ரோடு கேட்டேன். போய்ட்டா" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெயின் ரோட்டுப் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வர்றதுக்கும் இதே ரோடுதான். அத்த யாரு போயி அவளாண்ட சொல்றது?"